திருச்சி வானொலி 936: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி வானொலி எப்போது தொடங்கியது? தமிழ்நாட்டின் முதல் நிலையம் அதுதானா?

1939 மே 16 அன்று தொடங்கியது. முதல் நிலையம் சென்னைதான். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. அதற்கும் முன்பு 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று அமைத்த சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பு நடத்தியது. பணமில்லாமல் 1927இல் அது மூடப்பட்டது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் 1938 வரை தானே ஒலிபரப்பியது. இந்த வரிசையில் திருச்சி கடைசியாக வந்தது. ஆனாலும் தமிழைப் பிரதான மொழியாகக் கொண்டு கிராமங்களை நோக்கி அமைந்த முதல் நிலையம் அதுவே. சென்னை அன்று தமிழோடு தெலுங்குக்கும் நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. 1948 டிசம்பரில் விஜயவாடா நிலையம் வந்த பிறகுதான் அந்தப் பாரம் குறைந்தது.

1947இல் நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்காக வந்தவை மொத்தம் 6 நிலையங்கள்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சிராப்பள்ளி. லாகூர், பெஷாவர், டாக்கா மூன்றும் பாகிஸ்தானுக்குப் போயின. பெருநகரங்களுக்கு நடுவே திருச்சியின் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதைத் திருச்சிக்காரர்களில்கூடப் பலர் அறியமாட்டார்கள்.

சென்னையில் நிலையம் இருந்தும் ஓராண்டுக்குள் திருச்சிக்கு ஏன் இன்னொன்று?

சென்னையின் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர் தொடக்கத்தில் வெறும் கால் கிலோவாட், அதாவது 250 வாட். அது நகரத்தைத் தாண்டாது. மாகாணம் முழுவதற்குமாக 10 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒன்றும் இருந்தது. ஆனால் சிற்றலை வாங்கும் ரேடியோ விலை அதிகம். அலை வானில் எதிரொலித்து வருவதால் ஒலி ஏறி இறங்கும், நேரத்துக்கு நேரம் மாறும். டிரான்ஸ்மிட்டருக்கு மிக அருகிலும் இல்லாமல் தொலைவிலும் இல்லாமல் இருக்கும் ஊர்களை அது தாண்டிக் குதித்துவிடவும் செய்யும்.

திருச்சிக்குக் கிடைத்தது 5 கிலோவாட் மத்திய அலை. மின்சக்தியில் சென்னையின் மத்திய அலையைவிட 20 மடங்கு. இடமும் பொருத்தமானது: கிழக்கே தஞ்சை நெல் வயல், மேற்கே கரூர், தெற்கே புதுக்கோட்டை, வடக்கே பெரம்பலூர். ஆள்தொகை அடர்ந்த காவிரிப் படுகை நிலையத்தின் வாசலிலேயே தொடங்குகிறது. அந்நாளில் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளர் சி.டபிள்யூ. கோய்டர். பள்ளி மாணவராக இருந்தபோதே, 1924 அக்டோபரில், இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துடன் முதன்முதலாக இருவழி வானொலித் தொடர்பு கொண்டவர் அவர்.

தொடக்கம் முதலே அலைவரிசை 936தானா?

இல்லை. 1939இல் திருச்சி 758 கிலோசைக்கிளில் (இன்றைய கிலோஹெர்ட்ஸின் பழைய பெயர்), 395.8 மீட்டரில் ஒலித்தது. நிலையத்தை அடையாளம் காட்டும் அழைப்புக் குறி வி.யு.டி. (VUT). சென்னைக்கு வி.யு.எம். (VUM), டெல்லிக்கு வி.யு.டி. (VUD). தமிழில் எழுதும்போது டெல்லியும் திருச்சியும் ஒன்றுபோலத் தெரியும். டெல்லியின் கடைசி எழுத்து ‘டெல்லி’ என்பதன் முதல் ஆங்கில எழுத்து, திருச்சியின் கடைசி எழுத்து ‘திருச்சி’ என்பதன் முதல் ஆங்கில எழுத்து. பழைய ரேடியோ டயல்களைப் படிக்கும்போது இந்தக் குழப்பம் வரும்.

இன்று நாம் அறிந்த 936 கிலோஹெர்ட்ஸ் ஜெனீவாவில் 1975இல் எட்டிய பன்னாட்டு ஒப்பந்தத்தின் கணக்குக்குள் வருவது. 1978 நவம்பர் 23 முதல் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா முழுவதும் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தம் வகுத்தது. 936ஐ 9ஆல் வகுத்தால் 104. சென்னையின் 720, கோவையின் 999, தூத்துக்குடியின் 1053, திருநெல்வேலியின் 1197, புதுச்சேரியின் 1215 எல்லாமே 9ஆல் மீதியின்றி வகுபடுவதைக் கவனியுங்கள்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த டிஜிட்டல் ரேடியோ 10 கிலோஹெர்ட்ஸ் படியில் தாவும். 930க்கு அடுத்து 940 என்று போய்விடும், 936இல் நிற்காது. குரல் கரகரவென்று உடைந்து வரும். ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட வேண்டாம். ‘ஸ்டெப்’ என்ற அமைப்பை 9க்கு மாற்றினால் போதும். சில ரேடியோக்களில் அதற்குப் பின்பக்கம் சிறு சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் ரேடியோவை நிறுத்திவிட்டு ஒரு பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

5 கிலோவாட் 100 கிலோவாட் ஆனபோது 20 மடங்கு தூரம் கேட்டதா?

கேட்காது. அடிக்கடி வரும் தப்புக்கணக்கு இது. ரேடியோவில் நாம் பிடிப்பது அலையின் புலவலிமை. அது சக்தியின் இருமடி மூலத்துக்கு ஏற்பவே கூடும். 20 மடங்கு சக்திக்குப் புலவலிமை ஏறக்குறைய நாலரை மடங்குதான். கால் அலை உயரக் கோபுரத்திலிருந்து 1 கிலோவாட் செலுத்தினால் நல்ல நிலத்தில் 1 கிலோமீட்டர் தொலைவில் ஏறக்குறைய 300 மில்லிவோல்ட்/மீட்டர் கிடைக்கும். 5 கிலோவாட்டுக்கு அது 670, 100 கிலோவாட்டுக்கு 3,000. அதற்கு மேல் தூரம் போகப்போக மண் அலையைத் தின்றுகொண்டே வரும்.

சக்தி கூடியதன் உண்மையான பயன் வேறு இடத்தில் தெரிந்தது. 5 கிலோவாட் காலத்தில் கும்பகோணத்துக்கு அப்பால் கேட்க வேண்டுமானால் இரண்டு கம்பம் நட்டு ஏரியல் கட்ட வேண்டும். 100 கிலோவாட் வந்த பிறகு களத்துமேட்டில் வைத்த இரண்டு செல் டிரான்சிஸ்டரே போதுமானதாயிற்று. அலை எட்டும் தூரத்தைவிட, எவ்வளவு மலிவான பெட்டியில் கேட்கலாம் என்பதுதான் அங்கே மாறியது.

மண் அலையைத் தின்னும் என்கிறீர்களே, எல்லா மண்ணுமா?

ஈரமும் உப்பும் களிமண்ணும் இருந்தால் குறைவாகத் தின்னும், பாறையும் சரளையும் வறட்சியும் இருந்தால் அதிகமாகத் தின்னும். பகலில் மத்திய அலை நிலத்தைத் தழுவியே ஓடுகிறது. அதனால் நிலத்தின் மின்கடத்தும் திறன்தான் எல்லையை வகுக்கிறது. நீர் நின்ற நெல் வயலும் காவிரியின் வண்டலும் இந்த அலைக்கு ஏற்ற பாதை. ஒரே தொலைவில் பாறைப்பாங்கான மேட்டு நிலத்தில் ஒலி மெலிந்து கேட்பதற்கும், தஞ்சைப் பக்கம் அழுத்தமாகக் கேட்பதற்கும் இதுவே காரணம்.

கடல்நீர் இன்னும் மேல். நல்ல வயல் மண்ணைவிட நூறு மடங்குக்கு மேல் மின்சாரத்தைக் கடத்தும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையில் இலங்கையின் மத்திய அலை பட்டப்பகலில் உள்ளூர் நிலையம் போல ஒலிப்பது அதனால்தான்.

பகலில் தெளிவாக வரும் 936 இரவில் ஏன் அலைமோதுகிறது?

தரைக்கு மேல் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் ‘டி’ என்ற மின்மப் படலம் சூரிய ஒளியால் உருவாகிறது. மேலே போகும் மத்திய அலையைப் பகல் முழுவதும் அது விழுங்கிவிடும். அந்தி சாய்ந்ததும் படலம் கலைந்துபோகிறது. அலை இன்னும் மேலுள்ள படலங்களில் மோதித் தரைக்குத் திரும்புகிறது. அப்போது இரண்டு விதமாகக் கெடுகிறது.

முதலாவது, திருச்சியின் தரை அலையும் திருச்சியின் வான் அலையும் ஒரே நேரத்தில் உங்களிடம் வந்து சேரும். ஒன்று நேர்வழி, மற்றொன்று சுற்றுவழி. இரண்டும் ஒத்த பலத்தில் இருக்கும் ஊர்களில் ஒரு கணம் கூடி ஒலிக்கும், மறுகணம் ஒன்றையொன்று அழிக்கும். பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். நிலையத்துக்கு அருகே தரை அலையும் வெகுதொலைவில் வான் அலையும் ஓங்கியிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. இடைப்பட்ட வளையம்தான் அவதிப்படும். இரண்டாவது, 936ஐயும் அதன் பக்கத்து அலைவரிசைகளையும் பயன்படுத்தும் வெளிநாட்டு நிலையங்கள் இரவில் உள்ளே நுழையும். பின்னணியில் ஒரே சுருதியில் ‘கூ’ என்று ஓசை கேட்டால் இரண்டு நிலையங்களின் அலைகள் மோதுகின்றன என்று பொருள்.

ரேடியோவைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பியின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் ஒலி உச்சம், கம்பியின் முனை நிலையத்தைப் பார்த்தால் ஒலி அடங்கும். தொல்லை தரும் நிலையத்தின் பக்கம் முனையைக் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

‘ரேடியோ நெல்’ என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்த நிலையத்தின் வரலாற்றில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.டி.டி. 27 என்ற ரகம் 1960களின் நடுவில் வயலுக்கு வந்தது. ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நம்மூர் ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஒட்டிப் பிறந்தது, வயது ஏறக்குறைய 105 நாள். குறுவைக்கென்றே வளர்த்தெடுத்த ரகம். தஞ்சை மாவட்டத்தில் 1960இலிருந்தே தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. மக்கள் வாயில் அது ‘பேக்கேஜ் திட்டம்’. விதை, உரம், கடன், ஆலோசனை அனைத்தையும் ஒரே கட்டாகக் கொடுக்கும் முயற்சி. 1966இல் வானொலி நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. திருச்சியும் அதில் சேர்ந்தது.

புதிய ரகத்துக்கு நாள்கணக்கு முக்கியம். 105 நாள் பயிருக்கு நாற்றங்காலில் நாற்று முற்றிப்போனால் நட்ட பிறகு தூர் கட்டாது. மேலுரம் ஒரு வாரம் தள்ளிப்போனால் பயன் குறையும். இதையெல்லாம் ஊர் ஊராகச் சென்று சொல்ல ஊழியர்கள் போதவில்லை. வானொலி மாலை நேரத்தில் அந்தந்த வாரத்துக்குரிய வேலையை, விஞ்ஞானிகளையும் முன்னோடி விவசாயிகளையும் பேசவைத்து, பேச்சுவழக்குத் தமிழில் சொன்னது. கடைக்குப் போன விவசாயி ரகத்தின் எண்ணைச் சொல்லவில்லை, ‘ரேடியோவுல சொன்னாங்களே, அந்த நெல்லு’ என்று கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

குறையும் இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து நிற்கும். மழையில் நனைந்த நெல்லைக் காயவைக்க இடமும் வெயிலும் கிடைக்காமல் விவசாயிகள் திண்டாடினார்கள். விதைப்பைப் பற்றிச் சொன்ன அளவுக்கு உலர்த்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்ற பாடம் வேளாண் ஒலிபரப்புக்கு அப்போது கிடைத்தது. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை வானொலியில் கேட்டு விதை நனைக்கும் பழக்கம் டெல்டாவில் வேரூன்றியதும் இந்தத் தலைமுறையில்தான்.

பின்னர் வந்த பண்ணைப் பள்ளி ஒலிபரப்பு இதே மரபின் தொடர்ச்சி. விவசாயிகள் பெயர் பதிவு செய்துகொண்டு, ஒரே பொருளைப் பாடம் பாடமாக வாரக்கணக்கில் கேட்டு, கேள்விகளுக்குத் தபாலில் விடை அனுப்புவார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் ரேடியோ இல்லாத காலத்தில் எப்படிக் கேட்டார்கள்?

பஞ்சாயத்து ரேடியோவில். ஊர்ப் பொது இடத்தில் ஓர் அறை, உள்ளே பெட்டி, வெளியே குழாய் ஒலிபெருக்கி. மின்சாரம் எட்டாத ஊரில் உலர் பேட்டரியால் ஓடும் வால்வு செட். அதற்கு இரண்டு மின்னழுத்தம் தேவை: வால்வின் இழையைச் சூடாக்க 1.5 வோல்ட், தகட்டுக்கு 90 வோல்ட். 90 வோல்ட் கட்டு தீர்ந்துபோனால் மாற்றுக் கட்டு வரும்வரை ஊரே வானொலி இல்லாமல் இருக்கும். நிகழ்ச்சி நேரத்துக்கு மட்டும் திறந்து மூடும் பழக்கம் வந்தது பேட்டரியைக் காப்பாற்றத்தான்.

கூட்டமாக அமர்ந்து கேட்டு, கேட்டதை விவாதித்து, கேள்வியை நிலையத்துக்கு எழுதும் வானொலி கிராம மன்ற முறை 1956இல் புனே வட்டாரத்தில் யுனெஸ்கோ துணையுடன் சோதிக்கப்பட்டு, 1959 முதல் நாடு முழுவதும் விரிந்தது.

ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்ததா?

ஆம். 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, அனுமதியில்லாமல் ரேடியோ வைத்திருப்பது குற்றமாக இருந்தது. தபால் நிலையத்தில் கட்டணம் செலுத்தி, லைசென்ஸ் புத்தகத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பலருக்கு நினைவிருப்பது ஆண்டுக்கு 15 ரூபாய். 1980களின் நடுவில் இந்தக் கட்டணம் ஒழிந்தது. வீட்டுப் பரணில் அந்தப் புத்தகம் இருந்தால் எறியாதீர்கள். பெட்டியின் கம்பெனி, மாடல், வாங்கிய ஆண்டு எல்லாம் அதில் இருக்கும்.

சினிமாப் பாட்டுக்கு எல்லோரும் இலங்கை வானொலிக்குப் போனது ஏன்?

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரையிசையை மட்டமாகக் கருதி, அதற்கான நேரத்தைச் சுருக்கினார். செவ்வியல் இசைக்கு அவர் செய்தது பெரிய பணி. 1954இல் தொடங்கிய வானொலி சங்கீத சம்மேளனம் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் மக்களின் காது கொழும்புக்குப் போயிற்று. அங்கிருந்து சிற்றலையில் வந்த தமிழ் ஒலிபரப்பை மயில்வாகனன் குரலுக்காகவே தமிழ்நாடு கேட்டது. 1957 அக்டோபர் 3 அன்று பிறந்த விவித் பாரதி, போன நேயர்களை மீட்க எழுந்த பதில். திருச்சி நிலையம் அந்தப் போட்டியில் வென்றது என்று சொல்வதற்கில்லை. அதன் பலம் பண்ணை நிகழ்ச்சியிலும், நாதஸ்வரத்திலும், நாடகத்திலும் இருந்தது.

சரியான பெயர் வானொலியா, ஆகாசவாணியா?

1936 ஜூன் 8 அன்று நிறுவனம் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்று பெயர் பெற்றது. ‘ஆகாசவாணி’ என்பது மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935இல் சொந்தமாகத் தொடங்கிய நிலையத்தின் பெயர். 1950களில் அகில இந்திய நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு எதிர்ப்பு எழுந்தது. இங்கே நிலையங்கள் ‘வானொலி’ என்றே தம்மை அழைத்துக்கொண்டன. டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி மட்டும் ‘ஆகாசவாணி’ என்று தொடங்கும். சரோஜ் நாராயணசாமியின் குரலில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர். 2023 மே மாதத்தில் எல்லா இடத்திலும் ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தபோது பழைய எதிர்ப்பு மறுபடி எழுந்தது. ‘வானொலி’ நல்ல தமிழ்ச் சொல், மக்கள் நாவில் ஊறிய சொல். அதை விட எந்தக் காரணமும் தெரியவில்லை.

அதிகாலை முகப்பு இசையை அமைத்தவர் யார்?

வால்டர் காஃப்மன். நாஜிகளிடமிருந்து தப்பி பம்பாய் வந்த யூத இசைஞர், பம்பாய் நிலையத்தில் மேலை இசைப் பிரிவைக் கவனித்தவர். மெட்டு சிவரஞ்சனியின் சாயலில் இருக்கும். அதையடுத்து வந்தே மாதரம், பிறகு மங்கல இசை.

திடீரென்று ஒலி நின்று, சில விநாடியில் மறுபடி வருகிறதே, நிலையத்தில் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது. 936 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 320 மீட்டர், கால் அலை 80 மீட்டர். மத்திய அலையில் கோபுரத்தின் மேல் தனியாக ஏரியல் கிடையாது, கோபுரமே ஏரியல். அடியில் ஒரு பீங்கான் இன்சுலேட்டர் மேல் அது நிற்கிறது. அதைச் சுற்றிப் பூமிக்கடியில் செப்புக் கம்பிகள் சக்கரத்தின் ஆரம் போல விரிந்திருக்கும். 120 கம்பி என்பது நல்ல அமைப்பு. மின்னல் பாய்ந்தால் கோபுரத்தின் அடியில் உள்ள தீப்பொறி இடைவெளி வழியே மின்சாரம் பூமிக்கு இறங்கும். அந்தப் பொறி பற்றியவுடன் டிரான்ஸ்மிட்டருக்குச் சுமை மாறிவிடும். செலுத்திய சக்தி திரும்பி வந்து கருவியை எரிக்கும் முன், காப்புச் சுற்று அலையை அறுக்கிறது. பொறி அணைந்ததும் மறுபடி இணைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது அடிக்கடி நேரும்.

வேறு காரணங்களும் உண்டு. மின்சார வாரியத்தின் அழுத்தம் ஒரு நொடி தாழ்ந்தாலும் பெரிய டிரான்ஸ்மிட்டர் விழும். 100 கிலோவாட் என்பது வெறும் அடிப்படை அலை. முழுப் பண்பேற்றத்தில், அதாவது ஒலியை அலையின் மேல் முழு அளவில் ஏற்றும்போது, ஒலியின் பங்காக இன்னும் 50 கிலோவாட் சேரும், கணநேர உச்சம் 400 கிலோவாட் வரை போகும். இழுவிசைக் கம்பிகளின் இன்சுலேட்டரில் தூசி படிந்து ஈரமானால் அங்கேயும் பொறி பறக்கும். மண்ணுக்கடியில் உள்ள செம்புக்குத் திருடர்களின் கண் எப்போதும் உண்டு. பத்துக் கம்பி போனால் ஒலிபரப்பு நிற்காது. ஆனால் சக்தி மண்ணைச் சூடாக்குவதில் வீணாகி, எல்லை மெல்லச் சுருங்கும். ‘முன்ன மாதிரி கேக்கலியே’ என்ற புகாருக்குப் பின்னால் இதுவும் இருக்கலாம்.

கோபுரம் சரி, ஒலி மட்டும் இல்லை, பின்னணி இரைச்சலும் அடங்கியிருக்கிறது என்றால், அலை வருகிறது, ஸ்டுடியோவிலிருந்து வரும் இணைப்பு அறுந்திருக்கிறது என்று அறியலாம். இரைச்சல் பொங்கினால் அலையே இல்லை.

எங்கள் வீட்டில் 936 முழுக்க ‘கர்ர்’ என்ற இரைச்சல். நிலையத்தின் தவறா?

பத்துக்கு ஒன்பது முறை உங்கள் வீட்டின் தவறு. சோதிக்கும் முறை எளிது. ரேடியோவைப் பேட்டரியில் போட்டுக்கொள்ளுங்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் எதிரி வீட்டுக்குள் இருக்கிறான். மெயினைப் போட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், சோலார் இன்வெர்ட்டர் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். இவற்றில் வடிகட்டும் பாகத்தை விலைக்காக விட்டுவிடுகிறார்கள். பல்பை நல்ல கம்பெனிக்கு மாற்றுங்கள். சார்ஜர் ஒயரை ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். மின்வெட்டு நேரத்தில் திருச்சி நிலையம் தெளிவாகக் கேட்பதற்கு ஊரே அமைதியாவதுதான் காரணம்.

மெயினை அணைத்தும் நிற்காவிட்டால், ரேடியோவைக் கையில் பிடித்துத் தெருவில் நடங்கள். ஏதாவது ஒரு மின்கம்பத்தின் அடியில் இரைச்சல் உச்சத்துக்குப் போனால் அங்கே இன்சுலேட்டர் பொறிகிறது. கம்பத்தின் எண்ணைக் குறித்து வாரியத்தில் சொல்லுங்கள்.

தொலைவில் இருக்கிறேன். சத்தத்தைக் கூட்ட வழி உண்டா?

லூப் ஏரியல் கட்டுங்கள். மின்சாரமே தேவையில்லை. 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர மரச்சட்டம், அதன் விளிம்பில் 12 சுற்று இன்சுலேஷன் உள்ள மெல்லிய ஒயர், சுற்றுக்கும் சுற்றுக்கும் 6 மில்லிமீட்டர் இடைவெளி. ஒயர் ஏறக்குறைய 30 மீட்டர் செலவாகும். இரு முனைகளையும் பழைய வால்வு ரேடியோவிலிருந்து எடுத்த 365 பிகோபாரட் கேங் கண்டென்சரில் (திருப்பினால் தகடுகள் உள்ளே வெளியே நகரும் கண்டென்சர்) இணையுங்கள். ஒரு முனை அசையும் தகட்டுக்கு, மற்றொன்று நிலையான தகட்டுக்கு. இந்தச் சுருளின் தூண்டல் 190 மைக்ரோஹென்றியை ஒட்டி வரும். 936க்கு கேங் 150 பிகோபாரட் அளவில் நிற்கும், அதாவது தகடுகள் பாதிக்கும் குறைவாக உள்ளே நுழைந்த நிலை.

ரேடியோவோடு எந்த ஒயரும் இணைக்க வேண்டாம். லூப்பின் விளிம்பு திருச்சியை நோக்கியிருக்கட்டும். ரேடியோவை அதன் அருகே, ஃபெரைட் கம்பி லூப்பின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி வையுங்கள். 936இல் நிறுத்தி, கேங்கை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் ஒலி குபீரென்று எழும். எழவே இல்லையென்றால் முதலில் கேங்கின் தகடுகள் உரசுகின்றனவா என்று பாருங்கள், பழைய கேங்குகளில் இதுவே வழக்கமான கோளாறு. கீழ்ப்பக்கம் 720 வருகிறது, மேல்பக்கம் 1215 வரவில்லை என்றால் ஒரு சுற்றைக் குறையுங்கள்.

தாத்தாவின் வால்வு ரேடியோவை மறுபடி பாடவைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் எடுத்தவுடன் பிளக்கில் சொருகாதீர்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். நேரடி மின்சாரம் கொடுத்தால் டிரான்ஸ்பார்மரோடு சேர்ந்து எரியும். முதலில் அவற்றையும், வெளியீட்டு வால்வின் முன்னால் உள்ள பேப்பர் கண்டென்சரையும் மாற்றுங்கள். பின்னதில் கசிவு இருந்தால் வால்வின் தகடு சிவந்து கெடும். 0.01 மைக்ரோபாரட், 630 வோல்ட் பாலியஸ்டர் வகை போதும். பிறகு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட், உடனே நிறுத்துங்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. வகைப் பெட்டியில் சேசிஸே உயிர்மின் கம்பியோடு சேர்ந்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடவே கூடாது.

நிலையத்தை வானொலியில் கேட்டதற்கு அத்தாட்சி அட்டை கிடைக்குமா?

கிடைக்கும். அலைவரிசை, நாள், இந்திய நேரம், ஒலியின் தரம், குறைந்தது 20 நிமிட நிகழ்ச்சி விவரம் எழுதி, டெல்லியில் உள்ள ஆகாசவாணி தலைமையகத்தின் அலைவரிசை நிர்வாகப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ‘பாட்டு ஒலித்தது’ என்று எழுதினால் போதாது. எந்தப் பாட்டு, யார் பேட்டி, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். கைப்பேசிச் செயலியில் கேட்டதை அனுப்பக் கூடாது, வானலையில் கேட்டதற்குத்தான் அட்டை.

1940களின் திருச்சி ஒலிப்பதிவுகள் ஏன் அரிது? எங்களிடம் பழைய கேசட் இருக்கிறது, என்ன செய்வது?

அன்று கச்சேரியும் நாடகமும் நேரடியாகவே போயின, காற்றில் கரைந்தன. டேப் வந்த பிறகும் அது விலை உயர்ந்த பொருள், அழித்து மறுபடி பதிவார்கள். எனவே வீடுகளில் ரேடியோவிலிருந்து பிடித்துவைத்த கேசட்டுகளுக்கு மதிப்பு மிக அதிகம்.

முதலில் கேசட்டின் பதிவுத் தடுப்புத் தாவலை உடைத்துவிடுங்கள், தவறியும் அழியாது. ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள், ஒட்டிய சுருள் விடுபடும். பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்ட வேண்டாம், டெக்கின் ஹெட் வழியே மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒலியைக் கேட்டபடியே ஹெட்டின் பக்கத் திருகை மெல்லத் திருப்பி, மேல்சுரம் மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். பதிந்த டெக்கும் உங்கள் டெக்கும் ஒரே கோணத்தில் இராது. இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் பல பதிவுகள் மூடிய அறையிலிருந்து வருவது போல இருக்கின்றன. கணினியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வடிவில் பதியுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலப்பதிவின் மேல் போடாதீர்கள், நகலின் மேல் போடுங்கள். நிகழ்ச்சி பாதியில் இருந்தாலும் அறிவிப்பாளரின் குரல், நேர அறிவிப்பு, நெல் விலை எதையும் வெட்டாமல் விடுங்கள். நாள் எழுதாத கேசட்டின் காலத்தைக் கண்டுபிடிக்க அவைதான் உதவும். 1978 நவம்பருக்கு முன்பா பின்பா என்பதை அறிவிப்பாளர் சொல்லும் கிலோஹெர்ட்ஸ் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.